எட்டாங்கட்டையில் தண்ணீர்

பகலில் பாடாங் செராய் பஸ் நிலையத்துக்கு எதிரே
நகலெடுக்கும் கடையில் இருக்கிறேன்.
அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சொக்சோ பாரம்,
பக்கத்துக்குப் பத்துக் காசு.
ஒன்று வைத்தால் ஒன்றே வரும், மாறாமல்.
மாலையில் செய்தி எழுதுகிறேன்.
அங்கே ஒன்று வைத்தால் நான்கு வரவேண்டும்,
நான்கும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது.

எட்டாங்கட்டைத் தோட்டத்தில் தண்ணீர் இல்லை.
பம்பு கெட்டது என்றார் கிராணி.
பில் கட்டவில்லை என்றது லயம்.
சனிக்கிழமை, முதல் வீட்டு வாசலில்
மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்டேன்.
"ஒம்பது நாளா கடைத் தண்ணியிலதான்
பேத்திக்குப் பால் கலக்குறேன், எழுதிக்கோ"
என்றார் பரிபூரணத்தம்மா.
எழுதிக்கொண்டேன்.

தமிழ்ப் பத்திரிகைக்குப் பெயர்கள் வேண்டும்,
தகப்பன் பெயரோடு, வயதோடு.
ஒரு பெயர் விட்டுப்போனால்
மறுநாள் கடைக்கே வந்து நிற்பார்கள்.
"அவதி" என்ற சொல் இல்லாமல் அனுப்பினேன்.
அவதியோடு அச்சாகி வந்தது.

வானொலிக்கு முதன்முதலில் எழுதியபோது
"மேற்கண்ட தோட்டத்தில்" என்று எழுதிவிட்டேன்.
தமயந்தி, என்னைவிட நான்கு வயது சின்னவள்,
போனிலேயே சிரித்தாள்:
"காதுக்கு ஏதுக்கா மேலே, கீழே?"
போன வாக்கியம் போனதுதான்.
இந்த முறை நாற்பத்து மூன்று குடும்பங்களை
"நாற்பதுக்கும் மேல்" ஆக்கினேன்.
அந்த மேலுக்குள் மூன்று வீடு இருக்கிறது.

மலாய் இணைய ஏட்டில் தண்ணீர் ஆயர்.
எழுதும்போதெல்லாம் ஒரு மாடு
என் வாக்கியத்தைக் கடந்து போகும்.
ரொஹாய்சா கேட்பாள்:
நிர்வாகம் என்ன சொல்கிறது, யார் பொறுப்பு,
லயம் என்றால் என்ன?
நூறு வருஷத்தை ஒரு வரியில் எழுதினேன்.
அவள் அரை வரி ஆக்கினாள்.

காணொளி ஐம்பது வினாடி.
மீ கோரேங் மேசைக்கு வரும்வரை
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.
எழுத்தை நடுவில் போடு,
கீழே போட்டால் கட்டைவிரல் மறைக்கும்.
காலி வாளி. வரிசையாய்க் காலி வாளி.
பரிபூரணத்தம்மாவின் வாய் மட்டும் அசைந்தது.
ஆறாயிரம் பேர் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை ஷொஹேல் வந்தான்,
பாஸ்போர்ட்டின் ஒரே ஒரு பக்கத்தை நகலெடுக்க.
எட்டாங்கட்டையில் குலை வெட்டுகிறவன்.
என் போனில் ஓடிய படத்தை எட்டிப் பார்த்தான்.
ஒன்பதின் மேல் விரல் வைத்துத் தலையை ஆட்டினான்.
"கொங்சி, செபெலாஸ்."
பத்து விரலையும் விரித்து மடக்கி
ஒன்றை மட்டும் நிறுத்தினான்.

லயத்தைத் தாண்டித்தான் குழாய் கொங்சிக்குப் போகிறது.
கடைசியில் இருப்பது முதலில் காய்ந்திருக்கிறது.
யார் படிப்பார் என்று நான்கு முறை யோசித்தவள்
குழாய் எங்கே முடிகிறதென்று
ஒரு முறை நடந்து பார்க்கவில்லை.

ரொஹாய்சா இரண்டு நிமிடத்தில் திருத்தினாள்.
பத்திரிகையில் வியாழனன்று வந்தது திருத்தம்,
நகைக்கடை விளம்பரத்தின் இடுக்கில்.
காணொளியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினோம்,
இருநூறு பேர்.
தமயந்தி மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"காத்துல போனத யார் காதுலேர்ந்துக்கா எடுக்கிறது?"

வெள்ளிக்கிழமை நிர்வாகத்தின் அறிக்கை வந்தது:
விநியோகம் முழுமையாகச் சீரடைந்தது.
நான்கு இடத்துக்கும் அப்படியே அனுப்பலாம்,
நகல் மாதிரி.
கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

லயத்தில் வாளிகள் வழிந்தன.
பரிபூரணத்தம்மா ஈரக் கையை ஆட்டினார்.
நிற்காமல் ஓட்டினேன், செம்பனை நிழலுக்குள்,
லோரித் தடம் சேறாகி முடியும் இடம்வரை.

ஷொஹேல் குழாயைத் திறந்து காட்டினான்.
அது இருமியது.
துருவாக ஒரு சொட்டு,
பிறகு காற்று.

நோட்டில் எழுதினேன்:
பதினேழு.